யாருடைய தோள்?

நம் பழைய காப்பியங்களிலே தோளைப் புகழாத புலவனைக் காண்பது அரிது. அரசனின் தோள் மலைக்கு ஒப்பாகும். அதிலே வெற்றிமாலை புரளும். மூடை சுமக்கும் தோள் அங்கே இடம்பெறுவதில்லை. சென்ற ஆண்டு வகுப்பிலே அத்தகையதொரு பகுதியை விளக்கிக்கொண்டிருந்த வேளையில், பின்வாங்கிலிருந்த மாணவன் எழுந்து, “சேர், எங்கட வாப்பாக்குத் தோளத் தூக்க ஏலாது” என்றான். வகுப்புச் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

அவனுடைய தந்தை கிண்ணியாவின் நெல் ஆலைகளிலே முப்பது ஆண்டுகளாக மூடை சுமந்த நாட்டாமை. வயது ஐம்பத்தைந்து. சட்டை அணிவதற்கு மனைவியின் உதவி வேண்டும். தொழுகையிலே தக்பீர் கட்டுவதற்கு வலக்கையை இடக்கையால் தாங்கி உயர்த்துகிறார். தோளின் தசைநாண்கள் எப்போதோ அறுந்துவிட்டன என்றும், அதன் விளைவாக மூட்டின் குருத்தெலும்பு தேய்ந்துபோயிற்று என்றும், செயற்கை மூட்டுப் பொருத்துவதே இறுதி வழி என்றும் கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். “அது என்ன சேர்?” என்று அவர் என்னிடம் கேட்டார். தமிழாசிரியனுக்கு என்ன தெரியும்? அவருக்கு விளக்குவதற்காகவே நான் படிக்கத் தொடங்கினேன்.

1893இல் பாரிஸ் நகரிலே பேயான் என்னும் வைத்தியர், காசநோயால் தோள்மூட்டை இழந்த ஒருவருக்குப் பிளாற்றினமும் இறப்பரும் கொண்ட மூட்டொன்றைப் பொருத்தினார். ஈராண்டுகளின் பின், கிருமித்தொற்றினால் அதனை எடுத்துவிட நேர்ந்தது. 1950களில் நியூயோர்க்கிலே சார்ள்ஸ் நீர் உலோகத் தலையொன்றை மேற்கை எலும்பிலே பொருத்தி வெற்றி கண்டார். தசைநாண் அறுந்த தோளுக்கு அதுவும் போதவில்லை. 1980களின் நடுவில் பிரான்சின் டிஜோன் நகரத்துப் போல் கிராமோன், இயற்கையின் அமைப்பையே தலைகீழாக்கினார். குழி இருந்த தோட்பட்டையிலே பந்தையும், பந்து இருந்த மேற்கையிலே குழியையும் வைத்தார். அறுந்த தசைநாண் செய்யவேண்டிய வேலையைத் தோளின் மேற்புறத் தசை ஏற்றுக்கொண்டது. ஆலையில் ஒருவன் விழுந்தால் மற்றவன் அவன் மூடையையும் தூக்குவதில்லையா, அதுபோலத்தான் என்று நான் சொன்னபோது அவருக்கு உடனே விளங்கிற்று.

கணினி புகும் இடம் இதுவே. தோட்பட்டையின் குழி சிறியது. அதன் பின்னாலுள்ள எலும்பு மெல்லியது. சத்திரசிகிச்சையின்போது அதன் ஒரு சிறு பகுதியே வைத்தியரின் கண்ணுக்குத் தெரியும். சாய்வு சற்றுப் பிசகினால் பொருத்திய பாகம் நாளடைவில் தளர்ந்துவிடக்கூடும். எனவே முன்கூட்டியே எடுத்த சீ.ரி. ஸ்கான் படங்களிலிருந்து எலும்பின் முப்பரிமாண உருவத்தைக் கணினி அமைக்கிறது. சத்திரசிகிச்சைக் கூடத்திலே எலும்பில் பொருத்திய குறிகாட்டியைச் செங்கீழ்க் கதிர்க் கமெரா நோக்கியிருக்க, கருவி செல்லும் கோணமும் ஆழமும் திரையிலே தோன்றுகின்றன. கடலோடிக்குத் திசைகாட்டி போல என்று சொல்லலாம். இம்முறையால் பாகம் குறித்த இடத்திலே துல்லியமாக அமைகிறது என்பதில் ஐயமில்லை. அதனால் நோயாளியின் கை நீண்டகாலம் சிறப்பாக இயங்கும் என்பது இன்னும் ஐயமற நிறுவப்படவில்லை.

இதனை நண்பர்களிடம் சொன்னபோது, முற்போக்காளர் எனத் தம்மைக் கருதும் ஒருவரே கைவிரித்தார். 2022 மார்ச்சிலே மருந்தில்லாமல் பேராதனை வைத்தியசாலையின் சத்திரசிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்ட நாட்டிலே, கணினியும் கமெராவும் யாருக்கு என்றார். அவர் கூறிய செய்தி உண்மை. ஆனால் அதிலிருந்து அவர் எடுத்த முடிவை நான் ஏற்கவில்லை. ஏழைக்கு எளிய வைத்தியம் போதும் என்பது, ஏழையின் பிள்ளைக்கு உயர்கல்வி எதற்கு என்ற பழைய வாதத்தின் மறுபிறப்பேயாகும். 1945இல் கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்தபோது அந்த வாதம் தோற்றது. தோற்றிராவிடின் நான் பட்டதாரியாகியிருக்க மாட்டேன். எவருடைய தோளால் ஒரு குடும்பம் உண்கிறதோ, அவருடைய தோளுக்கே சிறந்த வைத்தியத்தின்மீது முதல் உரிமை உண்டு.

ஆயினும் என் வாதத்தைக் கலக்கியவர் அந்த நாட்டாமையே. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அதப் போட்டா மூடை தூக்கலாமா சேர்?” என்றார். தூக்கக்கூடாது; பாரமான சுமைகளைத் தவிர்க்கும்படியே வைத்தியர்கள் அறிவுறுத்துவார்கள். “அப்ப புள்ளைகளுக்குச் சோறு?” என்றார்.

நோவு தணிவதும் சட்டையைத் தானே அணிவதும் சிறிய நன்மைகளல்ல என்று வற்புறுத்தினேன். அவரும் மறுக்கவில்லை. ஆனால் இச்சிகிச்சையின் வெற்றி என்று ஏடுகள் குறிப்பது, சுமக்கவேண்டிய கட்டாயமில்லாத ஒருவனின் வாழ்க்கையை மனத்திற்கொண்டல்லவா வகுக்கப்பட்டிருக்கிறது? வேறு வகையிலும் விஞ்ஞானம் சிந்திக்க முடியும். 1960களின் இறுதியில் ஜெய்ப்பூரிலே ராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் சேத்தி என்னும் வைத்தியரும் செயற்கைக் காலொன்றை உருவாக்கியபோது, சப்பணமிட்டு அமரும், வெறுங்காலோடு வயலில் இறங்கும் மனிதனையே முன்னிறுத்தினார்கள். போரிலே கால் இழந்த எம்மவர் பலரும் அக்காலிலே நடந்தனர். மூடை சுமப்பவனை எண்ணி வகுக்கப்பட்ட தோள் எங்கே?

அத்தகைய தோளைச் செய்வதைவிட மூடையைச் சிறிதாக்குவது எளிது என்று யாரேனும் சொல்லலாம். சரிதான். ஒருவன் சுமக்கும் உச்ச எடை 55 கிலோவைத் தாண்டலாகாது என்று சர்வதேசத் தொழில் தாபனம் 1967இலேயே பரிந்துரைத்தது. அவர் சுமந்த நெல் மூடைகளுள் பல அறுபது கிலோவுக்கு மேற்பட்டவை. ஸ்கான் படம் எலும்பின் தேய்மானத்தை மில்லிமீற்றர் கணக்கிலே காட்டும். அது எவருடைய இலாபத்துக்காகத் தேய்ந்தது என்பதைக் காட்டாது.

இழப்பீட்டுக்கு விண்ணப்பிப்போம் என்று நானே யோசனை கூறினேன். தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் இந்நாட்டில் 1934 முதல் இருக்கிறதன்றோ? மூடைக்கு இவ்வளவு என்று கூலி பெற்று, பல ஆலைகளில் மாறி மாறி உழைத்தவருக்கு முதலாளி யார் என்பதே முதற் சிக்கல். சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் என் வீட்டு விறாந்தையிலே அமர்ந்து விவரங்களை எழுதத் தொடங்கினோம். பெயர், முகவரி, தொழில் வரை தடையின்றி எழுதியாயிற்று. அடுத்து, விபத்து நிகழ்ந்த திகதி.

“எந்தத் திகதிய எழுதுற சேர்?” என்று கேட்டார். முதல் மூடையைத் தூக்கிய நாளை எழுதலாமா என்று இருவரும் யோசித்தோம். அந்த இடத்தை இன்னும் நிரப்பவில்லை.