நாயை விட்டுவிட்டு வருவது

தைவானில் வேலை ஒப்பந்தம் முடிந்து திரும்பியபோது என் நாயையும் விமானத்தில் கொண்டு வந்தேன். கேமரன் மலையில் எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த முதல் வாரம் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: “எவ்வளவு ஆச்சு?” நான் பாதித் தொகையைச் சொன்னேன். அதற்கே அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

உண்மைத் தொகை ஏழாயிரம் வெள்ளிக்கு மேல். கழுத்துத் தோலுக்கடியில் 15 இலக்க எண் கொண்ட சிப், வெறிநாய்க்கடித் தடுப்பூசி, மருத்துவர் சான்று, மாக்கிஸ் எனப்படும் தனிமைப்படுத்தல் துறையின் இறக்குமதி பெர்மிட், ஏஜெண்டு கட்டணம். இவற்றோடு நாய் நிமிர்ந்து நிற்கவும் திரும்பவும் படுக்கவும் இடமுள்ள கூண்டு. வந்திறங்கிய பிறகு ஏழு நாள் தனிமைக் காப்பகம். ரேபிஸ் இல்லாத சில நாடுகளிலிருந்து வரும் நாய்களுக்கு அந்தக் காப்பு கிடையாது. தைவானில் அரை நூற்றாண்டுக்கு மேல் இல்லாதிருந்த ரேபிஸ் 2013-இல் காட்டு விலங்குகளிடம் மறுபடி கண்டுபிடிக்கப்பட்டது. இங்கேயும் 2015-இல் வடமாநிலங்களில், 2017-இல் சரவாக்கில் வந்தது. ஆகவே விதிகளைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. அந்த நான்கே முக்கால் மணி நேரமும் என் காலுக்குக் கீழே சரக்கறையில் அது என்ன நினைத்துக்கொண்டிருக்கும் என்பதுதான் என்னை வாட்டியது.

பக்கத்து லயத்தில் இருக்கும் நேபாளத் தொழிலாளி மட்டும் காசைப் பற்றிக் கேட்கவில்லை. “எப்படிக் கொண்டு வந்தே தம்பி?” என்றார். நாங்கள் மலாயில்தான் பேசிக்கொள்வோம். தோட்டத்தில் அவர் கற்றுக்கொண்ட நாலைந்து தமிழ்ச் சொற்களில் ‘தம்பி’யும் ஒன்று.

அவரிடமும் ஒரு நாய் இருந்தது. பெயர் காலே. நேபாளியில் கறுப்பன் என்று அர்த்தமாம். மழைக்குத் தொழிற்சாலைப் பின்புறம் ஒதுங்கியிருந்த குட்டியை எடுத்து வந்து வளர்த்தார். தீபாவளி வாக்கில் அவர்களுக்குத் திஹார் வரும். அதில் ஒரு நாள் நாய்களுக்கு உரியது. நெற்றியில் பொட்டு வைத்து, சாமந்தி மாலை போட்டு, நல்ல சாப்பாடு கொடுப்பார்கள். காலே மாலையோடு தேயிலை வரிசைக்குள் ஓடுவதைப் பார்த்து எங்கள் பிள்ளைகள் சிரிப்பார்கள். அடுத்த மாதம் அவருடைய பெர்மிட் முடிகிறது.

எல்லாவற்றையும் விளக்கினேன். கைப்பேசியில் கணக்குப் போட்டும் காட்டினேன். எனக்கு ஆன செலவை வைத்தே பார்த்தாலும் குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியில் நான்கு மாதம் போய்விடும். அவர் கணக்கைப் பார்த்துவிட்டுக் கைப்பேசியைத் திருப்பித் தந்தார்.

“காசு இருந்தாலும் முடியாது தம்பி. பையனுக்கு ஆறு வயசு. ரெண்டு தடவைதான் பாத்திருக்கேன். இப்ப நாயோட போய் இறங்கினா, அவ என்ன கேப்பா?”

அந்தக் கேள்வியின் எடை அப்போது எனக்கு முழுசாகப் புரியவில்லை. தற்காலிக வேலை பெர்மிட்டில் வருகிறவர் மனைவி மக்களை அழைத்துவர முடியாது, இங்கே யாரையும் திருமணம் செய்துகொள்ளவும் கூடாது. இது சட்டம். இந்த மலையில் அவரோடு குடும்பம்போல இருக்க அனுமதிக்கப்பட்ட ஒரே உயிர் ஒரு நாய்தான். அதையும் இங்கேயே விட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

அதுவரை நான் என்னை விசுவாசமானவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தைவானில் கூட வேலை செய்தவர்கள் நாயை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போகச் சொன்னபோது, “நம்பி வந்த உயிர்” என்று பெரிய வார்த்தையெல்லாம் பேசினேன். மகாபிரஸ்தானத்தில் தருமன் நாயை விட்டு ரதத்தில் ஏற மறுத்த கதையைச் சீன நண்பனுக்கு ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறேன். (அவன், “அந்த நாய் யாருடையது?” என்று கேட்டான். நல்ல கேள்வி. அது யாருடைய நாயும் இல்லை, கூடவே நடந்து வந்தது, அவ்வளவுதான்.)

ஆனால் அந்தக் கதையில் நாம் அதிகம் சொல்லாத ஓர் இடம் இருக்கிறது. இந்திரன் தருமனை மடக்குகிறான்: தம்பிகளையும் மனைவியையும் வழியில் விட்டுவிட்டுத்தானே வந்தாய், நாயை மட்டும் ஏன் விட மாட்டேன் என்கிறாய்? அவர்கள் இறந்துவிட்டார்கள், உயிரோடு இருக்கும்போது நான் விடவில்லை என்கிறான் தருமன். நியாயமான பதில்தான். ஆனால் தருமனோடு அந்த வழியில் வந்தவர்களில் அந்த நேரத்தில் நாயைத் தவிர உயிரோடு யாரும் மிச்சமில்லை. அவன் பணயம் வைத்தது சொர்க்கத்தை மட்டுமே. நேபாள அண்ணனுக்கு எதிரே நிற்பவர்கள் எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள். ஒருவரிடம் விசுவாசமாக இருந்தால் இன்னொருவர் “அப்படியானால் என்னை ஏன் விட்டுப் போனாய்?” என்று கேட்கும் இடத்தில் அவர் நிற்கிறார். தருமனின் பதில் அவருக்கு உதவாது.

‘நாய்தானே’ என்பவர்களோடு நான் சேரவில்லை. நாயோடு யாரும் ஒப்பந்தம் போடுவதில்லை என்றாலும், தினம் ஒரே நேரத்தில் சோறு வைப்பது ஒரு வாக்குறுதிதான். அதை எழுத்தில் இல்லாததால் மீறலாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்படியானால், எப்போது போகச் சொல்வார்கள் என்றே தெரியாத ஒரு மனிதர் அந்த வாக்குறுதியைக் கொடுத்திருக்கலாமா?

இதைப் பாட்டியிடம் கேட்டேன். “சோறு போட்டதுக்கா குத்தம் சொல்ற?” என்றார். பிறகு பழைய கதை ஒன்றை ஆரம்பித்தார். 1968-இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் எடுக்க வேண்டியதாயிற்று. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த பல்லாயிரம் தமிழர்கள் அதற்கடுத்த ஆண்டுகளில் தோட்டங்களை விட்டு இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். பாட்டி வீட்டுக்கு எதிர்வீட்டுக் குடும்பமும் பினாங்கு போய் ரஜூலா கப்பல் ஏறியது. பானை சட்டியைப் பங்கு வைத்தார்கள். கோழிகளை விற்றார்கள். நாயை யாரும் கேட்கவில்லை. “அது பூட்டுன கதவுகிட்டயே படுத்துக் கெடந்துச்சு. நான்தான் கஞ்சி ஊத்துனேன். என்கிட்ட வரவே இல்ல, ஆனா குடிச்சுது.” எத்தனை நாள் என்று கேட்டேன். பாட்டிக்கு ஞாபகமில்லை. பாட்டியிடம் இருந்தது நீல அட்டை.

இன்று எங்கள் தோட்டத்து மலைச்சரிவுகளில் கொழுந்து வெட்டும் இயந்திரத்தைத் தூக்கி நடப்பவர்களில் தமிழர்கள் குறைவு. வங்காளதேசிகள், நேபாளிகள், இந்தோனேசியர்கள். நாங்கள் படித்து இறங்கிவிட்ட அதே லய வீடுகளில்தான் அவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் செய்த அதே காரியத்தை அவர்களும் செய்கிறார்கள், அதாவது கிளம்பும்போது நாயை விட்டுவிட்டுப் போகிறார்கள். மூன்று தலைமுறை கழித்து விமானத்தில் நாயோடு வந்திறங்கிய நான், எங்கள் வீட்டில் நல்ல மனது இப்போதுதான் பிறந்தது என்று நினைத்துக்கொள்ள முடியுமா? நீல அட்டையும் பொறியாளர் சம்பளமும் என்னிடம் இருந்தன.

ஆனால் இப்படிச் சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்வதும் சரியில்லை. என்னால் முடிந்தது, அதனால் செய்தேன் என்றால், என்னால் முடிகிற இடமெல்லாம் என் கடமை என்றாகிறது. அன்று கைப்பேசியில் கணக்குப் போட்டபோது இன்னொரு ஏழாயிரம் என் சேமிப்பில் இருந்தது. “நான் தருகிறேன், கொண்டு போங்கள், அக்காவிடம் நான் பேசுகிறேன்” என்று சொல்லியிருக்கலாம். அவர் மறுத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவர் மறுப்பாரா என்று தெரிந்துகொள்ளும் துணிச்சல் எனக்கு வரவில்லை. அவர் மனைவியின் கேள்வியைச் சொன்னதும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதியை நான் கவனித்தேன்.

காலே இப்போது எங்கள் வீட்டில் சாப்பிடுகிறது. என் நாயோடு முதலில் சண்டை, இப்போது பரவாயில்லை. ராத்திரி மட்டும் பழைய இடத்துக்குப் போய்விடும். அந்த வீட்டுக்குப் புதிதாக இரண்டு வங்காளதேசிப் பையன்கள் வந்திருக்கிறார்கள். அவர்கள் விரட்டுவதில்லை.

அவர் ஒரு தடவை ஃபோன் செய்தார். மழை எப்படி, புது மண்டோர் எப்படி, அப்பாவின் முழங்கால் எப்படி என்று கேட்டார். பின்னால் ஒரு சிறுவன் ஏதோ கத்திக்கொண்டிருந்தான். நாயைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.