காதறுந்த ஊசி எங்கே போயிற்று?

பட்டினத்தார் கதையைக் கேரளத்து மலையூரான எங்கள் வட்டவடைப் பக்கம் துக்க வீட்டுத் திண்ணையில்தான் அதிகம் கேட்கலாம். காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகர். வளர்ப்பு மகன் மருதவாணன் விட்டுப்போன பெட்டியில் காதறுந்த ஊசியும் ஓர் ஓலையும் கிடந்தன. கடைசிப் பயணத்துக்கு இந்த ஊசிகூடக் கூட வராது என்று ஓலை சொன்னது. மனிதர் அத்தனை சொத்தையும் துறந்தார். சொல்பவர் இந்த இடத்தில் பெருமூச்சு விடுவார், கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். எனக்கு மட்டும் ஒரு குறுக்குக் கேள்வி வரும். சரி, ஊசி கூட வரவில்லை. அப்படியானால் அது எங்கே போயிற்று? யார் காலில் ஏறியது?

விதண்டாவாதத்துக்குக் கேட்கவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. காலையும் இரவும் இன்சுலின் பேனாவில் புது ஊசி மாட்டிப் போட்டுக்கொள்கிறாள். நாலு மில்லிமீட்டர் நீளம், மயிரிழைபோல மெல்லிசு. அதுவும் காதில்லாத ஊசிதான்.

எங்கள் ஊர் நிலத்தைப் பார்த்தவர்களுக்கு மீதி புரியும். மலையைப் படிப்படியாக வெட்டி மண்ணைத் தேக்கிய பாத்திகள். பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு. வீட்டுக் குப்பை எருக்குழிக்குப் போகும், எரு பாத்திக்குப் போகும். பூண்டையும் கேரட்டையும் மண்ணுக்குள் விரலை விட்டுத்தான் பிடுங்குகிறோம். அந்த விரல்கள் பெரும்பாலும் நம் வீட்டு விரல்கள் அல்ல, கூலிக்கு வரும் பெண்களுடையவை. குப்பையில் விழுந்த ஊசி ஒரு பருவத்துக்குள் இன்னொருத்தி கைக்கு வந்துசேர இங்கே எல்லா வழியும் திறந்தே இருக்கிறது.

அம்மா இதற்குத் தீர்வு வைத்திருந்தாள். “ஏப்பா, அடுப்புல போட்டாப் போச்சு. நெருப்புக்கு மிஞ்சின சுத்தம் உண்டா?” இதை அறியாமை என்று நான் தள்ளவில்லை. வேள்வி முதல் ஈமக்கிரியை வரை நம் மரபு நெருப்பை நம்பித்தான் நிற்கிறது. கிருமி விஷயத்திலும் அவள் சொல்வது முக்கால்வாசி சரி, விறகடுப்பில் வெந்த வைரஸ் பிழைக்காது. ஆனால் எஃகு உருக ஏறத்தாழ 1,400 டிகிரி வேண்டும். எங்கள் அடுப்புக்கு அது எட்டாது. பிளாஸ்டிக் கருகிப் புகையாகும். ஊசி சாம்பலுக்குள் ஊசியாகவே கிடக்கும். அந்தச் சாம்பலையும் நாங்கள் பாத்தியில்தான் தூவுகிறோம், மண்ணிலோ டெட்டனஸ் கிருமி எப்போதும் காத்திருக்கிறது. நெருப்பு தீட்டைப் போக்கிவிட்டது, முனையைப் போக்கவில்லை. மருத்துவக் கழிவில் எரித்தே ஆகவேண்டியவை சில உண்டு. ஊசி அந்தப் பட்டியலில் இல்லை. அதை நீராவியிலோ உலர்வெப்பத்திலோ கிருமி நீக்கி, பிறகு துண்டாக்குவார்கள் அல்லது சிமென்ட்டில் புதைப்பார்கள்.

தீட்டு என்றதும் எங்கள் ஊரின் ஒரு பழைய கணக்கைச் சொல்லித்தான் ஆகவேண்டும். இங்கே முடிதிருத்தும் கடைகளில் சக்கிலியர் சமூகத்தாருக்குக் கத்தரி எடுத்ததில்லை. அது வெளியே செய்தியாகி, 2020 செப்டம்பரில் ஊராட்சியே எல்லாருக்குமான முடிதிருத்தகம் ஒன்றைத் திறந்தது. இதில் என்னை உறுத்துவது இன்னொன்று. தலைமுறை தலைமுறையாக நாற்காலியில் யார் உட்காரலாம் என்று காவல் காத்தோம். ஒருவர் கன்னத்தைக் கீறிய பிளேடு அடுத்தவர் கன்னத்துக்குப் போகலாமா என்று கேட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கக்கூடியது. தடுப்பூசி போடாத ஒருவருக்கு அந்த நோயாளியின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால், நூற்றுக்கு 6 முதல் 30 பேருக்குத் தொற்றும். எச்ஐவியில் இதே கணக்கு ஆயிரத்துக்கு 3. வைரஸ் ஜாதி பார்ப்பதில்லை என்று மேடையில் சொல்லிவிட்டு இறங்குவது எளிது. நான் சொல்ல வருவது அதைவிடக் கசப்பானது: ஆபத்து பொருளில் இருந்தது, அசுத்தத்தை ஆளின்மேல் ஏற்றினோம், ஏற்றியபின் அந்த ஆளையே பொருளை அள்ளவும் வைத்தோம்.

பொருளை எறிவதைப் பற்றிச் சமணர்கள் வேறுமாதிரி யோசித்திருக்கிறார்கள். சமணத் துறவிக்கு ஐந்து சமிதிகள், அதாவது ஐந்து கவனங்கள். நடப்பதில், பேசுவதில், பிச்சை ஏற்பதில், பொருளை எடுத்து வைப்பதில். ஐந்தாவது உத்சர்க்க சமிதி: கழிப்பதை, எறிவதை எந்த உயிருக்கும் ஊறில்லாத இடமா என்று பார்த்துச் செய்வது. அகிம்சை பேசிய ஒரு சமயம், குப்பை கொட்டுவதையும் நடை, பேச்சு, உணவு ஆகியவற்றுக்குச் சமமாக வைத்திருக்கிறது. பௌத்தத்திலும் பிக்குணிகளுக்கு ஒரு விதி உண்டு. மலத்தையோ குப்பையையோ எச்சிலையோ மதிலுக்கு வெளியே வீசினால், ஆள் வைத்து வீசினாலும், குற்றம். விதி இருக்கிறதென்றால் யாரோ வீசியிருக்கிறார்கள், மதிலுக்கு அந்தப்பக்கம் யாரோ நடந்துபோயிருக்கிறார்கள்.

பழைய வழக்கு ஒன்றும் இருக்கிறது. தீவினையில் கனமானது மனம் செய்வதா, உடம்பு செய்வதா? புத்தர் மனத்தைச் சொன்னார். மகாவீரரின் அடியார்கள் உடம்பைச் சொன்னார்கள். சின்ன வயதில் நான் புத்தர் கட்சி. ஊசி விஷயத்தில் அந்தக் கட்சியில் நிற்க முடியவில்லை. “யாரையும் குத்தணும்னா போட்டேன்?” என்று அம்மா கேட்கிறாள், உண்மைதான், அவள் மனதில் துளி வன்மம் கிடையாது. ஆனால் தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாதி இம்சைக்குத் தரும் விளக்கத்தில் வன்மத்துக்கு இடமில்லை. கவனம் தவறி உயிருக்குக் கேடு செய்வதே இம்சை என்கிறார். குத்துப்படும் கூலிப் பெண்ணுக்கு அது முன்வினை என்று சமாதானம் சொல்வதற்கு இங்கே இடம் குறுகிப்போகிறது. அவள் வினை அவளோடு இருக்கட்டும். ஊசியை அங்கே வைத்தது என் வினை.

2024 டிசம்பரில் திருநெல்வேலி நடுக்கல்லூர், கோடகநல்லூர்ப் பக்கம் திருவனந்தபுரத்து மருத்துவமனைக் கழிவுகள் குவிந்து கிடந்தபோது எனக்குப் பிக்குணிகளின் அந்த மதில்தான் ஞாபகம் வந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டபின் கேரள அதிகாரிகள் லாரிகளோடு வந்து அள்ளிப்போனார்கள். கேரளத்தில் சட்டம் இல்லையா, வசதி இல்லையா? 2016 மருத்துவக் கழிவு விதிப்படி ஊசிக்குத் துளைபடாத வெள்ளைப் பெட்டி. சுத்திகரிக்காத உடலுறுப்புக் கழிவையும் ரத்தம் தோய்ந்த கழிவையும் 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. பாலக்காட்டுக் கஞ்சிக்கோட்டில் இந்திய மருத்துவச் சங்கத்தின் சுத்திகரிப்பு ஆலை ஆண்டுக்கணக்காக ஓடுகிறது. எல்லாம் இருந்தும், எல்லை தாண்டினால் கணக்கு தீர்ந்தது என்ற நினைப்பு லாரி ஏறிவிட்டது. அந்த நாட்களில் எல்லையோரத் தமிழன் பாடு வேடிக்கை. தமிழ்நாட்டுச் சொந்தங்கள் போனில் “உங்க கேரளாக்காரங்க” என்றார்கள். மூணாறு கடைத்தெருவில் நான் தமிழன்.

வீட்டு ஊசிக்கு வெள்ளைப் பெட்டி கிடையாது. அதைத் திடக்கழிவு விதிகள் தனியாக வைக்கச் சொல்கின்றன. குப்பை எடுக்க வாசலுக்கு வரும் ஹரித கர்ம சேனைப் பெண்கள் பிளாஸ்டிக்கைக் கையால் தரம் பிரிக்கிறவர்கள். ஊசியைப் பால் கவருக்குள் ஒளித்துக் கொடுப்பது எருக்குழியில் போடுவதைவிட மோசம். ஆகவே எங்கள் வீட்டில் துணி சோப்புத் திரவம் வந்த கெட்டிப் பாட்டில் ஒன்று. திருகு மூடி. முக்கால் நிறைந்ததும் டேப் சுற்றி, மேலே “ஊசி” என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதி, தெரிந்த சிஸ்டரிடம் ஆஸ்பத்திரியில் கொடுத்துவிடுவேன். அவர் அதை வெள்ளைப் பெட்டிக்குச் சேர்ப்பார்.

அம்மா அந்தப் பாட்டிலைச் சாமி மாடத்துப் பக்கம் அண்டவிடுவதில்லை, புறவாசலில்தான் இருக்கவேண்டும். குழந்தை கைக்கு எட்டாத உயரமாக இருந்தால் எனக்குப் புறவாசல் போதும். ஜீப் ஓட்டுகிற தம்பிக்குத்தான் பிடிக்கவில்லை. “அண்ணே, பின்னாடி மூட்டையோட போடுங்க” என்பான். மூட்டையை இறக்குவது யார் என்று கேட்பேன். பதில் சொல்லாமல் கியர் போடுவான். பாட்டில் என் மடியில் வரும்.