சித்தம் கலங்கினவர் தேகம்

மனிதனுக்குச் சித்தம், தேகம் என இரண்டு உண்டு. அவற்றுள் சித்தம் பழுதுபட்டபோது, தேகத்தின்மீது பிறர்க்குள்ள கடமையும் நீங்கிவிடுமோ என்பதே இங்கு நாம் எடுத்துக்கொண்ட விஷயம். நீங்காது என்றே எவரும் உடனே விடையளிப்பர். ஆயின் நமது நடக்கை அவ்விடைக்கு ஒத்ததாயிருக்கின்றதா என்பதைச் சிறிது ஆராய்வோம்.

நாம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி வேலை பார்த்து வருகிறோம். எட்டு ஆண்டுகளுக்கு முன் அத்தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்கும் வேலையில் ஒருவர் இருந்தார். வயது ஐம்பதைக் கடந்தவர். இளமையிலேயே சித்தம் கலங்கி, பிறர் காதில் விழாத குரல்களைக் கேட்டு அவதிப்பட்டவர். மாதம் ஒருமுறை கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு, எவருக்கும் இடையூறின்றி வாழ்ந்து வந்தார். ஒருநாள் காலை, பெரட்டு முடிந்தபின் நம் மேஜையருகே வந்து, “கிராணி ஐயா, காலுக்குள்ளே எறும்பு ஊருகிறது. இராத்திரி முழுக்கத் தூக்கமில்லை” என்றார். பக்கத்தில் நின்ற மண்டோர் சிரித்தார். நாமும் சிரித்தோம். “இந்த மாசத்து ஊசி போட்டாச்சா அண்ணே?” என்று மட்டும் கேட்டு அனுப்பிவிட்டோம்.

அதன்பின் இருமுறை வந்தார். ஒருமுறை தாகம் அடங்கவில்லை என்றார். மற்றொருமுறை, இரவில் ஐந்தாறு தடவை எழுந்து சிறுநீர் கழிக்க வேண்டியிருக்கிறது என்றார். இரண்டிற்கும் நாம் அளித்த விடை முன்னையதே. அவர் வேலைக்கு வராத நாட்களுக்குச் செக்ரோலில் ‘சித்தக் கோளாறு’ என்று நம் கையாலேயே எழுதினோம். நான்கு மாதம் சென்று, பாதத்தில் அவர் உணராத புண் ஒன்று அழுகி நாற்றமெடுத்தபோதுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தது. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். சர்க்கரை நோய் நரம்பைத் தின்னும்போது எறும்பு ஊர்வதுபோல் தோன்றுவது அந்நோயின் சாதாரண அடையாளங்களுள் ஒன்று என வைத்தியர் கூறினார். இரண்டாண்டு கழித்து அம்மனிதர் மாரடைப்பால் மாண்டார்.

குரல்கள் பொய்யாயிருக்கலாம், எறும்பு மெய். ஒன்று பொய்யாகையால் மற்றதும் பொய்யே என்று தீர்ப்புக் கூறியவர்கள், சித்தம் தெளிந்தவர்கள் எனப் பெயர்பெற்ற நாம்!

இஃது ஒருவர் கதையன்று. கடுமையான மனநோயுற்றோர் மற்றவர்களைக் காட்டிலும் 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறந்துபோகின்றனர் என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. இவர்களைக் கொல்வது பெரும்பாலும் தற்கொலையே என்று நம்மவர் எண்ணுகின்றனர். தற்கொலையால் இழக்கும் உயிர்களும் குறைவல்ல. எனினும் அதனினும் மிகுதியானவற்றை இருதய நோயும், சர்க்கரையும், நுரையீரல் நோயும், தொற்று நோய்களும் கொண்டுபோகின்றன. இவை யாவும் நமக்கும் வருவனவே. நமக்கு வரும்போது வைத்தியம் செய்துகொள்ளப்படுவனவே. இது குறித்தே அந்நிறுவனம் 2018-ஆம் ஆண்டில் தனியாக வழிமுறைகளை வகுத்து வெளியிட்டது. மலேசியாவிலோ, 2019-ஆம் ஆண்டுக் கணக்கின்படி வயதுவந்தோரில் 18.3 சதவிகிதத்தினருக்குச் சர்க்கரை நோய் இருந்தது; இந்திய வம்சத்தாரிடையே அஃது இன்னும் மிகுதி. ஆகவே நம் லயத்திலும் நம் அடுக்குமாடியிலும் சித்தம் கலங்கி வாழ்பவருக்கு அபாயம் இரு பக்கமிருந்தும் வருகின்றது.

நிற்க. நம் முன்னோர், சித்தம் கலங்கினவரைக் கோயிலில் கட்டிவைத்தனர், வேப்பிலையால் அடித்தனர், சாம்பிராணிப் புகையில் மூச்சுமுட்ட வைத்தனர். அவர் தலைவலி என்று அலறினாலும், வயிற்றுவலி என்று துடித்தாலும், பூசாரிக்கு அது பேயின் கூச்சலாகவே கேட்டது. இதனை மூடப்பழக்கம் என்று நாம் கண்டித்தோம், கண்டித்தது நியாயமே. ஆயின் நாம் செய்வது யாது? பேய் என்ற சொல்லை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் பைத்தியம் என்ற சொல்லை வைத்தோம். நெஞ்சு வலிக்கிறது என்றால் பைத்தியம். மூச்சு வாங்குகிறது என்றால் பைத்தியம். எறும்பு ஊர்கிறது என்றால் பைத்தியம். எல்லாவற்றிற்கும் ஒரே காரணம் கூறி, ஆராயாது விடுவதன்றோ மூடநம்பிக்கை? வேப்பிலை போய் ஊசி வந்ததனால் மட்டும் பகுத்தறிவு வந்துவிடாது. படித்த வைத்தியர்களிலும் இக்குற்றத்திற்கு ஆளாவோர் உளர்.

ஊசியும் மாத்திரையும் தீயன என்று நாம் கூறவில்லை. 1952-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து மனநோய் வைத்தியர்கள் குளோர்புரோமசைன் என்னும் மருந்தைக் கையாண்டு வெற்றி கண்டபின், உலகெங்கும் ஆயுள் முழுதும் அடைபட்டுக் கிடந்த பலர் வீடு திரும்ப வழி பிறந்தது. ஆயின் நன்மைக்கும் விலையுண்டு. பின்னர் வந்த ஒலான்சபின், குளோசபின் முதலிய மருந்துகள் பசியை மிகுவிக்கும், எடையை ஏற்றும், சர்க்கரையையும் கொழுப்பையும் கூட்டும். குளோசபின் கடும் மலச்சிக்கலை உண்டாக்கி, கவனிப்பாரின்றேல் உயிருக்கே உலைவைப்பதும் உண்டு. இவற்றோடு சிகரெட்டும், வறுமையும், வேலையின்மையும், மலிந்த உணவும் சேர்ந்துகொள்கின்றன.

அப்படியாயின் மருந்தை நிறுத்திவிடலாமே என்பாருமுளர். அது பெரும் பிழை. பின்லாந்து தேசத்தில் பல்லாயிரம் நோயாளிகளைப் பதினொரு ஆண்டுகள் கவனித்து 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், மருந்துண்டவர்களைக் காட்டிலும் மருந்தின்றி இருந்தவர்களிடையே மரணம் மிகுதியாகக் காணப்பட்டது. ஆகவே வேண்டுவது மருந்தை விடுவதன்று. மருந்து கொடுத்த கையே தேகத்தையும் தொட்டுப் பார்ப்பது.

இங்கே ஒரு பழைய கடனையும் நினைவூட்ட விரும்புகிறோம். இந்நாட்டில் ஒருகாலத்தில் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கானோரை வாரிக்கொண்டு போயிற்று. கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, இருதயம் நின்று மாண்டனர். அதன் காரணம் அப்போது விளங்கவில்லை. 1905, 1906-ஆம் ஆண்டுகளில் கோலாலம்பூர்ச் சித்தநோய் விடுதியில், வில்லியம் பிளெட்சர் என்னும் வைத்தியர் நோயாளிகளை இரு கூறாகப் பிரித்து, ஒரு கூறுக்குத் தீட்டிய வெள்ளை அரிசியும், மறு கூறுக்குப் புழுங்கல் அரிசியும் அளித்து வந்தார். வெள்ளை அரிசி உண்டவர்களிடையே பலர் பெரிபெரியுற்றனர், மாண்டவரும் உளர். புழுங்கல் அரிசி உண்டவர்களிடையே அந்நோயால் மாண்டவர் ஒருவருமிலர். நம் பாட்டன்மார் தங்களோடு கொண்டுவந்த புழுங்கலரிசிச் சோறே அவர்களைக் காத்த மருந்து என்பது இவ்வாறு விளங்கலாயிற்று.

அரிசியைப் பற்றிய இவ்வறிவு யாருடைய தேகத்திலிருந்து கிடைத்தது? வேண்டாம் என்று எழுந்து போகும் உரிமையற்று அடைபட்டிருந்தவர்களுடைய தேகத்திலிருந்து. நம் அறிவுக்குத் தேவைப்பட்டபோது அவர்கள் தேகம் நம் தேகத்தைப் போன்றதே என்று கொண்டோம். அவர்கள் நோய்க்கு வைத்தியம் தேவைப்படும்போது மட்டும் அது வேறு ஜாதித் தேகமாகிவிடுமோ?

‘சித்தம் கலங்கினவன் சொல்லை எவ்வாறு நம்புவது?’ என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. நமது தொழிலிலிருந்தே விடை கூறுவோம். செக்ரோலில் ஒரு பக்கத்தில் பிழை கண்டால் அப்பக்கத்தைத் திருத்துவோமேயன்றிப் புத்தகம் முழுவதையும் தீயிலிடோம். இட்டால், உழைத்தவர் அனைவரின் கூலியும் போய்விடும். மேலும் இங்கே நம்பவேண்டும் என்றுகூட நாம் சொல்லவில்லை. சோதிக்கவேண்டும் என்றே சொல்லுகிறோம். விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்திருந்தால், அம்மனிதர் சொல் மெய்யோ பொய்யோ என்று நாம் தீர்ப்புக் கூற வேண்டியிருந்திருக்காது. இரத்தமே கூறியிருக்கும்.

‘அவர்களே தங்கள் தேகத்தைப் பேணுவதில்லை, சிகரெட்டை விடுவதில்லை, நாம் என்ன செய்வது?’ என்பது மற்றொரு கேள்வி. சிகரெட்டைப் பலவந்தமாகப் பிடுங்க நமக்கு அதிகாரமில்லை. நம் கையிலுள்ளதை எவரேனும் பிடுங்கினால் நாம் பொறுப்போமா? ஆயின் பலவந்தத்திற்கும் கைவிடுதலுக்கும் இடையே பெரிய வெளி உண்டு. கேட்டல், எடுத்துச் சொல்லுதல், கூடவே நடந்து கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லுதல், மறுத்தால் அடுத்த வாரம் மீண்டும் கேட்டல் ஆகியன யாவும் அவ்வெளியில் அடங்கும். நம் தகப்பனார் மாத்திரை உண்ண மறுத்தால் ஒருமுறை சொல்லி விட்டுவிடுகிறோமா?

செய்யவேண்டுவன அரியனவல்ல. ஊசிக்குப் போகும் நாளிலேயே எடை பார்க்கவும், இடுப்பளவு எடுக்கவும், இரத்த அழுத்தம் பார்க்கவும், உரிய காலங்களில் சர்க்கரையும் கொலஸ்ட்ராலும் சோதிக்கவும் வீட்டார் கேட்கவேண்டும். குளோசபின் உண்பவர் சிகரெட்டை விட முற்பட்டால் வைத்தியரிடம் முன்கூட்டியே தெரிவிக்கவேண்டும். ஏனெனில் புகை நின்றதும் இரத்தத்தில் அம்மருந்தின் அளவு உயரும். வலி என்று அவர் சொன்னால் எங்கே, எப்போதிருந்து என்று, மற்றவரிடம் கேட்பதுபோலவே கேட்கவேண்டும். அவர் சொல்லாவிடினும், நடையிலும் முகத்திலும் மாறுதல் தெரிந்தால் நாமே கேட்கவேண்டும். இவற்றில் பணம் சிறிதே செலவாகும். பெரிதும் செலவாவது பொறுமையே.

அன்பர்களே! அச்செக்ரோல் இன்னும் நம் அலுவலக அலமாரியில் இருக்கின்றது. நாம் எழுதிய இரண்டு சொற்களும் அதில் இருக்கின்றன. அவற்றை அடிக்க இனி நமக்கு உரிமையில்லை. ஆயின் நாளைக் காலை பெரட்டில் மற்றொருவர் வந்து, காலுக்குள் எறும்பு ஊர்கிறது என்று சொல்வாரானால், சிரிப்பதற்கு முன் குனிந்து அவர் காலைப் பார்ப்போமாக.