பிடியில்லாத பக்கம்

சில ஹோட்டல்களில் அடுத்தடுத்த இரண்டு அறைகளுக்கு நடுவே வழி இருக்கும். அங்கே இரண்டு கதவுகள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். அவரவர் கதவை அவரவர் பக்கமிருந்துதான் திறக்கலாம். நம் கதவைத் திறந்தால் எதிரே மற்றக் கதவின் முதுகு தெரியும். அதில் பிடி இராது, சாவித் துவாரமும் இராது. வெறும் பலகை. முன்பின் தெரியாதவர்களுக்கு அந்த அறைகளைக் கொடுக்கும் நாட்களில் ஒருவர் மற்றவரிடம் புகுந்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. நியாயமானதுதான். ஆனாலும் அந்தப் பலகை என்னை விட்டபாடில்லை.

பாரிஸில் இருக்கும் தம்பி, அம்மாவையும் என்னையும் திருகோணமலைப் பாலையூற்றிலிருந்து அழைப்பித்திருந்தான். பிள்ளைகளின் பள்ளி விடுமுறையில் எல்லோரும் டிஸ்னிலாண்ட் போனோம். பாரிஸுக்குக் கிழக்கே சுமார் 30 கிலோமீட்டர். பக்கத்திலேயே ஒரு ஹோட்டலில் தங்கினோம். அங்கே குடும்ப அறை என்றால் நான்கு பேர்: ஒரு பெரிய கட்டில், ஒரு அடுக்குக் கட்டில். நாங்கள் அதற்கு மேல். அதனால் தம்பி இரண்டு அறை எடுத்தான். "நடுவில கதவு இருக்கு அம்மா, பிள்ளையள் வந்து போகலாம்" என்றான்.

அன்று மாலை முழுக்க இரண்டு கதவும் திறந்தே கிடந்தன. பிள்ளைகள் ஓடித் திரிந்தார்கள். சின்னவள் அப்பம்மாவின் கட்டிலில் ஏறிக் குதித்தாள். பத்து மணியளவில் அந்தப் பக்கத்துக் கதவு மெல்ல மூடியது. நான் எங்கள் கதவையும் மூடப் போனேன். "விடு பிள்ளை, அது திறந்திருக்கட்டும்" என்றார் அம்மா.

இரவில் விழிப்பு வந்தபோது பார்த்தேன். அம்மா அந்தப் பலகையைப் பார்த்தபடி ஒருக்களித்துப் படுத்திருந்தார். தூங்கவில்லை.

யார்மேலும் பிழை இல்லை. தம்பிக்கும் மச்சாளுக்கும் நாள் முழுக்க நடந்த களைப்பு. வருடம் முழுக்க வேலை செய்து, இப்படி ஒரு பயணத்துக்குப் பணம் சேர்த்தவர்கள். அவர்கள் கதவை மூடிப் படுப்பதில் என்ன குறை காண முடியும்?

வால்ட் டிஸ்னி தன் பூங்காவின் தொடக்கத்தைப் பற்றிச் சொன்ன கதை ஒன்று உண்டு. லொஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கிரிஃபித் பூங்காவில் மகள்மார் இருவரும் ராட்டினத்தில் சுற்ற, அவர் வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டும் என்று அப்போது தோன்றியதாம். 1955 ஜூலை 17 அன்று கலிஃபோர்னியாவில் முதற் பூங்கா திறந்தது. பாரிஸ் பூங்கா 1992 ஏப்ரல் 12 அன்று திறந்தது. டிஸ்னியின் அந்த எண்ணத்தில் பெற்றோர் இருந்தார்கள், பிள்ளைகள் இருந்தார்கள். பெற்றோரைப் பெற்றவர்கள் இருந்தார்களா என்று யோசித்தேன். ஆனால் அம்மா அங்கே சந்தோஷமாகத்தான் இருந்தார். உலகத்துப் பிள்ளைகளெல்லாம் பொம்மைகளாக நின்று பாட, நடுவே வள்ளத்தில் போகும் சவாரியில் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "மூதூர் லோஞ்சி இதைவிட ஆடும்" என்று சிரித்தார். ஆகவே என்னை உறுத்துவது பூங்கா அல்ல. அந்தக் கதவுதான்.

பிலிப் ஆரியஸ் என்ற பிரெஞ்சு வரலாற்றாசிரியர் 1960இல் குழந்தைப் பருவத்தையும் குடும்ப வாழ்வையும் பற்றி ஒரு நூல் எழுதினார். எப்போதோ படித்தது. குழந்தைகளைப் பற்றிய அவருடைய வாதம் மங்கிவிட்டது. வீடுகளைப் பற்றிச் சொன்னது நிற்கிறது. பழைய ஐரோப்பிய வீடுகளில் ஓர் அறைக்குள்ளால்தான் அடுத்த அறைக்குப் போக வேண்டும். ஆட்கள் படுத்திருக்க, அவர்களைத் தாண்டித்தான் மற்றவர்கள் நடப்பார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் நடைவழி வந்தது, ஒவ்வோர் அறையும் தனித்தது. உற்றாரும் வேலையாட்களும் வருவோர் போவோரும் மெல்ல விலக, தாய் தகப்பன் பிள்ளைகள் என்று குடும்பம் சுருங்கி இறுகியது. ஹோட்டலில் எண் போட்ட கதவுகள் வரிசையாக நின்ற அந்த நீண்ட நடைவழியில் நடந்தபோது இது நினைவுக்கு வந்தது.

பாலையூற்றில் எங்கள் பழைய வீட்டில் உள் அறைகளுக்குக் கதவே இல்லை. அம்மாவின் பழஞ்சேலைதான் திரை. கதவு போட வசதி இல்லாததால் அப்படி என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கிய பிறகு திரையையும் கழற்றிவிட்டார்கள். எல்லோரும் கூடத்தில் பாய் விரித்து வரிசையாகப் படுத்தோம். அப்பா வாசல் கதவின் திறாங்கை இரண்டு தரம் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுப்பார். கண்டி வீதியில் வாகனம் நின்றால் எல்லோருக்கும் மூச்சு நிற்கும். ஒரு சத்தத்துக்கு எல்லோரும் எழும்ப வேண்டும், ஓடினால் ஒன்றாக ஓட வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார். தம்பிதான் சின்னவன். அவனுடைய சட்டை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு அம்மா தூங்குவார்.

அப்படியென்றால் அந்த இரவில் அம்மா செய்தது பாச ஏக்கமா, காவலா? ஏக்கம் என்றால் எனக்குத் தம்பிமேல் சற்றுக் கோபம் வரலாம். காவல் என்றால் வர முடியாது. கதவை மூடிப் பயமில்லாமல் தூங்கத்தானே அவனை அனுப்பினோம்? அம்மாவின் தாலிக்கொடியை விற்றுத்தானே ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டினோம்? மூடிய அந்தக் கதவுதான் அம்மா அவனுக்கு வாங்கிக் கொடுத்தது என்று ஒரு நாள் தோன்றுகிறது. இன்னொரு நாள் அந்தப் பலகை மட்டுமே தெரிகிறது, இந்த நியாயமெல்லாம் சப்பென்று போகிறது. இப்போது எங்கள் புது வீட்டில் எல்லா அறைக்கும் கதவு உண்டு. நானும் மூடித்தான் படுக்கிறேன். அம்மாவின் அறை மட்டும் திறந்திருக்கும்.

ஏன் என்று அம்மாவிடம் கேட்டால், "பழகிப் போச்சு" என்று முடித்துவிடுகிறார். அதற்குமேல் எனக்கும் தெரியவில்லை. இத்தனை யோசித்தும் எது சரி என்று சொல்ல முடியாதவளாகவே இருக்கிறேன்.

வெளிநாட்டில் இருக்கும் தம்பி தங்கைமாருக்கு ஒன்று மட்டும் சொல்லலாம். ஊரிலிருந்து தாய் தகப்பனை அழைத்துப் போனால் நடுவில் கதவுள்ள அறைகளையே கேட்டு எடுங்கள். பக்கத்து அறை என்று மட்டும் சொன்னால் சுவர்தான் கிடைக்கும். இரவில் உங்கள் பக்கத்தை மூடுவதும் திறந்து வைப்பதும் உங்கள் விருப்பம். மூடுவதாக இருந்தால், "அம்மா, மூடப் போறன்" என்று சொல்லிவிட்டு மூடுங்கள்.