யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

பரிகாசம் செய்வது மார்க்கத்தில் ஆகுமா என்று நம்மில் சிலர் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை எள்ளி நகையாடுவதையும் பட்டப்பெயர் சூட்டுவதையும் ஸூரத்துல் ஹுஜுராத் தடுத்திருக்கிறது. அந்தத் தடையை நாம் எவ்வளவு பேணியிருக்கிறோம்? புலாவ் செபாங், தம்பின் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து டவுனுக்கு வந்த ஏழையின் பேச்சையும் உடையையும் குத்திக்காட்டிச் சிரித்தவர்கள் நம்மிடையிலும் இருந்தார்கள். திரைப்படத்திலோ கிழிந்த சட்டைக்காரன் உதை வாங்கினால் கொட்டகையே அதிர்கிறது. இதற்கெல்லாம் எவரும் ஃபத்வா கேட்பதில்லை. பெரிய மனிதரை ஒருவன் கேலி செய்துவிட்டால்தான் நமக்கு மார்க்கம் நினைவு வருகிறது!

தோட்டத்து ஏழைகள் நேர்மாறாகச் சிரித்தார்கள். பால்மரம் சீவிய காலத்து நாட்டுப்பாடல்களில் கங்காணியும் துரையும் படாத பாடு படுகிறார்கள். எதிரே நின்று கேட்க முடியாததை அந்த மக்கள் பாட்டில் கேட்டார்கள். அநீதிக்கு ஆளானவனுக்கு, மற்றவர்க்கு இல்லாத ஒரு பேச்சுரிமையை ஸூரத்துன் நிஸாவின் 148-ஆம் வசனம் அளித்திருப்பதையும் இங்கே நினைத்துப் பார்க்கவேண்டும்.

ஆனால் பாதிக்கப்பட்டவன் ஒருவன், கேலி செய்பவன் வேறொருவன் என்றால்?

கடையநல்லூர், தென்காசிப் பக்கமிருந்து மலாயாவுக்கு வந்த தமிழ் முஸ்லிம்கள் பலர். அவர்களுடைய அந்த நெல்லைச் சீமையில், 2017 அக்டோபர் 23-ஆம் தேதி ஒரு கூலித் தொழிலாளி தம் மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் மாவட்ட ஆட்சியர் அலுவலக வாசலில் தீக்குளித்தார். நால்வரும் மாண்டனர். காரணம் கந்துவட்டி. வாங்கியதற்கு மேலாகவே கட்டியும் கடன்காரர் விடவில்லை. பலமுறை மனுக் கொடுத்தும் பயனில்லை. கந்துவட்டியைத் தடுக்கும் சட்டமோ தமிழ்நாட்டில் 2003 முதலே இருந்தது.

கேலிச்சித்திரக்காரர் பாலா இதை வரைந்தார். குழந்தை எரிகிறது, முதலமைச்சரும் ஆட்சியரும் போலீஸ் கமிஷனரும் ஆடையின்றி, பணக்கட்டால் மானத்தை மறைத்து நிற்கிறார்கள். ஆட்சியர் புகார் செய்தார். நவம்பர் 5-ஆம் தேதி போலீசார் சென்னையில் பாலாவைக் கைது செய்து நெல்லைக்குக் கொண்டுபோயினர். மறுநாள் ஜாமீன் கிடைத்தது.

ஏழையின் மனுக்கள் அசைக்காத அலுவலகத்தை ஒரு படம் இரண்டே வாரத்தில் அசைத்துவிட்டது. மனு ஏழையின் துன்பத்தைச் சொல்லிற்று. அதைக் கட்டில் போட்டு வைக்கலாம். படம் அதிகாரியின் வெட்கத்தைச் சொல்லிற்று. அதை எந்தக் கட்டில் போடுவது?

அந்தப் படத்தின் நிர்வாணம் நமக்கு உவப்பானதன்று. ஹயா பேணும் நம் வீடுகளில் அதை மாட்டிவைக்க மாட்டோம். ஆயினும், வரைந்த கோட்டில் ஆபாசம் கண்டவர்கள் வாசலில் நடந்ததில் அதைக் காணவில்லையே என்ற வருத்தம் நமக்கு உண்டு. நால்வரும் பேசவேண்டியதைப் பேசிப் பார்த்து, வாயடைந்து போனவர்கள். அவர்களுக்காக வேறொருவர் பேசியதை வரம்புமீறல் என்று தள்ள நம் மனம் ஒப்பவில்லை.

நம் நாடும் இதில் பின்தங்கிவிடவில்லை. கேலிச்சித்திரக்காரர் சூனார்மீது 2015-இல் தேச நிந்தனைச் சட்டத்தின்கீழ் ஒன்பது குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. எல்லாம் உறுதிப்பட்டால் 43 ஆண்டுகள் வரை சிறை என்றார்கள். 2018-இல் ஆட்சி மாறிய பின்னரே அவை கைவிடப்பட்டன.

கந்துவட்டியும் நெல்லையோடு நின்றுவிடவில்லை. மலேசிய நகரங்களின் விளக்குக் கம்பங்களில் ஆ லோங் விளம்பரம் ஒட்டியிருப்பதைப் பார்த்துக்கொண்டேதான் நாம் ஜும்ஆவுக்குப் போகிறோம். அதை யாராவது கேலிச்சித்திரமாக வரைந்து கொண்டுவந்தால், அதில் நமக்குத் தெரிந்த முகம் ஒன்றும் இருந்தால், இந்த ஏட்டில் அச்சிடுவோமா? இது பற்றி நமக்குள் பேச்சு இன்னும் முடியவில்லை.