குளவியும் குருவே

(பெங்களூரு, பொம்மனஹள்ளியில் தமிழ் அன்பர்களின் சத்சங்கத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இந்தப் பொம்மனஹள்ளிக்கு வந்து சேர்வதற்கு உங்களில் பலர் சில்க் போர்டு சந்திப்பைக் கடந்திருப்பீர்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் நம் நினைவுக்கு வருவது வாகன நெரிசல்தான். ஆனால் அது மத்தியப் பட்டு வாரியத்தின் பெயர். ஒரு சிறு புழுவை நம்பி வாழும் விவசாயக் குடும்பங்களின் நலனுக்காக, 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏற்படுத்தப்பட்ட அமைப்பு அது. ஒரு பூச்சியின் தொண்டால் பெயர் பெற்ற இடத்தில் நின்றுகொண்டு, அந்தப் பூச்சியை நாம் ஒரு நாளும் நினைப்பதில்லை.

நம் பேச்சு வழக்கையே பாருங்கள். 'பூச்சி' என்ற சொல்லைக் கேட்டதும் நம் நாவில் அடுத்து வருவது 'மருந்து' என்னும் சொல். உயிரைக் கொல்லும் நஞ்சுக்கு மருந்து என்று பெயர் சூட்டியிருக்கிறோம். பெயர் மாறினால் பார்வையும் மாறிவிடுகிறது. இந்தப் பார்வையைச் சற்றே திருத்திக்கொள்ள நம் சாஸ்திரங்கள் என்ன வழி காட்டுகின்றன என்பதை இன்று சிந்திப்போம்.

அவதூதரின் குருமார்கள்

ஸ்ரீமத் பாகவதத்தின் பதினோராம் ஸ்கந்தத்தில் யது மகாராஜனுக்கும் ஓர் அவதூதருக்கும் நிகழும் உரையாடல் இடம் பெறுகிறது. கவலையற்றுத் திரியும் அந்த இளந்துறவியிடம், "இந்த ஆனந்தம் உமக்கு எப்படி வாய்த்தது?" என்று மன்னன் கேட்கிறான். அவதூதர் தமக்கு இருபத்து நான்கு குருமார்கள் உண்டு என்கிறார். அந்தப் பட்டியலில் நிலமும் நீரும் நெருப்பும் இருக்கின்றன. விட்டில், தேனீ, சிலந்தி, குளவி ஆகியவையும் இருக்கின்றன.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பூவுக்குத் தீங்கு நேராமல் சிறிது சிறிதாக எடுத்துக்கொள்ளும் தேனீயிடமிருந்து, பல இல்லங்களில் சிறிதளவே பிட்சை ஏற்கும் நெறியை அவதூதர் கற்றார். அதே தேனீ சேர்த்து வைத்த தேனைப் பிறர் வந்து கவர்ந்து செல்வதைக் கண்டு, துறவி சேமிக்கலாகாது என்பதையும் கற்றார். ஒரே குருவிடம் கொள்ள வேண்டியதும் உண்டு, தள்ள வேண்டியதும் உண்டு. இயற்கை நம் முன் காட்சிகளை விரிக்கிறது. அவற்றிலிருந்து பாடம் எடுக்கும் விவேகம் மாணவனுடையது. இந்த அடிப்படை பின்னர் நமக்குத் தேவைப்படும்.

மாவுப்பூச்சியும் சிறு குளவியும்

நம் காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியைப் பார்ப்போம். 2008-ஆம் ஆண்டு கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. மெக்ஸிகோவையும் மத்திய அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட இப்பூச்சி, பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளி, மல்பெரி, பருத்தி, காய்கறிச் செடிகள் எனப் பரவியது. மல்பெரி இலை வாடினால் பட்டுப்புழுவுக்கு உணவில்லை. புழுவுக்கு உணவில்லை என்றால் அந்தக் குடும்பத்துக்கும் உணவில்லை. கொங்கு நாட்டுப் பட்டு விவசாயிகள் தங்கள் தோட்டங்கள் வெண்மாவு பூசியதுபோல் மாறுவதைக் கண்டு கலங்கினார்கள்.

நஞ்சு தெளித்தார்கள். மாவுப்பூச்சியின் மேல் மெழுகுப் பூச்சு இருப்பதால் தெளித்த நஞ்சு அதன் உடலை எளிதில் சென்று சேரவில்லை. ஆனால் பொறிவண்டு முதலிய நன்மை செய்யும் பூச்சிகளை அது கொன்றது. தெளித்த இடங்களில் மாவுப்பூச்சி மீண்டும் பெருகியது.

இதற்குத் தீர்வு இதே பெங்களூரிலிருந்து சென்றது. ஹெப்பாளில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம், அமெரிக்க வேளாண் துறையின் உதவியோடு போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை 2010-இல் வரவழைத்தது. தனிமைப்படுத்திச் சோதித்து, நம் நாட்டின் மற்றப் பூச்சிகளுக்குத் தீங்கில்லை என்று உறுதி செய்த பிறகு, அதே ஆண்டு அக்டோபரில் தமிழ்நாட்டில் அவை வெளியிடப்பட்டன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கி மாவட்டந்தோறும் கொண்டு சேர்த்தது. ஒரு மில்லிமீட்டர் அளவுகூட இல்லாத குளவி அது. நம்மைக் கொட்டத் தெரியாதது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். அதன் குஞ்சு அங்கேயே உண்டு வளர்ந்து வெளியே வரும். ஓராண்டுக்குள் தோட்டங்கள் மீண்டும் பசுமை கொண்டன.

வரலாறு மீண்டும் நிகழ்ந்தது. 2020-இல் கேரளத்தின் திருச்சூரில் மரவள்ளி மாவுப்பூச்சி காணப்பட்டு, விரைவில் சேலம், நாமக்கல் பகுதிகளின் மரவள்ளித் தோட்டங்களைத் தாக்கியது. இதே பூச்சி 1970-களில் ஆப்பிரிக்கக் கண்டத்தையே பட்டினியின் விளிம்பில் நிறுத்தியிருந்தது. அங்கே ஹான்ஸ் ஹெரன் என்னும் ஸ்விட்சர்லாந்து அறிஞரின் முயற்சியால், தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு குளவி பல லட்சம் மக்களின் உணவைக் காத்தது. அப்பணிக்காக 1995-இல் அவருக்கு உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. அந்தக் குளவியையே ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து 2021-இல் பெங்களூரு நிறுவனம் வரவழைத்தது. 2022 மார்ச் மாதம் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் அது வெளியிடப்பட்டது.

இந்த வரலாறுகளில் ஓர் உண்மை புதைந்திருக்கிறது. தாயகத்தில் இந்தப் பூச்சிகள் பெரிய தொல்லையாக இருந்ததில்லை. அங்கே அவற்றோடு கூடவே குளவியும் இருந்தது. துணையைப் பிரித்து ஒன்றை மட்டும் கடல் கடந்து கொண்டுவந்தபோதுதான் அது கொள்ளை நோயாயிற்று. குளவி வந்த பிறகும் மாவுப்பூச்சி அடியோடு அழியவில்லை. மாவுப்பூச்சி குறைந்தால் குளவியும் குறையும். ஒன்று சிறிது பெருகினால் மற்றதும் பெருகும். பகவத்கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில், உயிர்களோடு யஜ்ஞத்தையும் சேர்த்தே பிரஜாபதி படைத்தார் என்றும், இவ்வாறு சுழலும் சக்கரத்தைப் பின்பற்றாதவன் வீணாக வாழ்கிறான் என்றும் பகவான் கூறுகிறார். சக்கரத்தின் ஓர் ஆரத்தைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்பதைக் கோவை விவசாயி தம் தோட்டத்திலேயே கண்டார்.

அப்போது விவசாயிகளுக்குச் சொல்லப்பட்ட அறிவுரைகளில் கடினமானது, 'குளவி விட்ட இடத்தில் நஞ்சு தெளிக்காதீர்கள்' என்பது. கண்ணெதிரே பயிர் வாடும்போது கைகட்டிப் பொறுத்திருப்பது எளிதன்று. செயல் புரிவதற்கு வேண்டிய துணிவைவிட, செய்யாமல் காத்திருப்பதற்குச் சில வேளைகளில் மிகுந்த துணிவு வேண்டும். சாதகர்கள் பழகும் புலனடக்கமும் இத்தகையதே.

ஒரு நேர்மையான ஐயம்

இங்கே சிந்திக்கும் அன்பர் ஒருவருக்கு ஐயம் எழலாம். "குளவி விவசாயிக்கு நண்பன், மாவுப்பூச்சிக்கு எமன் அல்லவா? உயிரோடு இருக்கும் ஒரு பிராணியை உள்ளிருந்து தின்னும் இந்த ஏற்பாட்டில் இறைவனின் கருணையை எங்கே காண்பது?" இது எளிதில் ஒதுக்கத்தக்க கேள்வியன்று. சார்லஸ் டார்வின் 1860-இல் தம் நண்பரான அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரேக்கு எழுதிய கடிதத்தில், இத்தகைய குளவி இனத்தைச் சுட்டிக்காட்டியே, கருணையுள்ள கடவுள் இதைத் திட்டமிட்டுப் படைத்திருப்பார் என்று தம்மால் நம்ப இயலவில்லை என்று எழுதினார்.

நம் ஆசாரியர்களும் இக்கேள்வியைத் தவிர்க்கவில்லை. உலகில் காணும் ஏற்றத்தாழ்வினாலும் துன்பத்தினாலும் ஈசுவரனுக்குப் பாரபட்சமும் கொடுமையும் ஏற்படாதா என்ற வினாவைப் பிரம்ம சூத்திரம் இரண்டாம் அத்தியாயத்தில் நேராகவே எழுப்புகிறது. மழை எல்லா விதைகளுக்கும் பொதுவானது, நெல்லும் வாற்கோதுமையும் வேறுபடுவது அவ்வவ் விதையால் என்று ஸ்ரீசங்கரர் அங்கே விளக்கம் தருகிறார். ஓர் உயிர் மற்றோர் உயிருக்கு உணவாகிறது என்பதைப் பாகவதமும் மறைக்காமல் கூறுகிறது.

ஆகவே, இயற்கை முழுவதும் இனிமை என்று சொல்லி நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. குளவி பாவமும் செய்யவில்லை, புண்ணியமும் செய்யவில்லை. அது தன் பிரகிருதியின்படி இயங்குகிறது. பாவமும் புண்ணியமும் தேர்ந்தெடுக்கும் ஆற்றல் உள்ளவனுக்கே உரியவை. அவதூதரின் குருமார்களில் குளவியும் உண்டு என்றோமே, அங்கே அவர் கற்றது என்ன? குளவிக் கூட்டில் அடைபட்ட புழு குளவியையே இடைவிடாது எண்ணி அதன் வடிவை அடைகிறது என்பது அன்றைய வழக்கு. மனம் எதை முழுமையாகப் பற்றுகிறதோ அதுவாகிறது என்ற பாடத்தை அவர் அதிலிருந்து எடுத்துக்கொண்டார். அந்தப் புழு குளவிக் குஞ்சின் உணவு என்று இன்று நாம் அறிவோம். அதனால் அவர் கண்ட மனத்தின் உண்மை குறைந்துவிடவில்லை.

கூடி வாழும் சிற்றுயிர்கள்

மாமரங்களில் இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் முசுறு எறும்பைப் பார்த்திருப்பீர்கள். ஓர் எறும்பின் இடையை மற்றோர் எறும்பு கவ்விச் சங்கிலியாக நின்று, எட்டாத இரண்டு இலைகளை இழுத்துச் சேர்க்கின்றன. பிறகு சில எறும்புகள் தங்கள் இளம் புழுக்களை வாயில் ஏந்தி வந்து, நெசவாளர் நாடாவை ஓட்டுவதுபோல் இப்பக்கமும் அப்பக்கமும் அசைக்கின்றன. புழு சுரக்கும் பட்டிழை இலைகளைப் பிணைக்கிறது. பட்டுப்புழு தன் இழையால் தனக்கென்று ஒரு கூட்டை நெய்து உள்ளே அடைகிறது. முசுறின் புழுவோ தனக்கென்று கூடு நெய்வதில்லை. தன் இழை முழுவதையும் எல்லோரும் வாழும் வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறது. கி.பி. நான்காம் நூற்றாண்டிலேயே சீன விவசாயிகள் இந்த எறும்புக் கூடுகளை விலைக்கு வாங்கி, ஆரஞ்சு வகைத் தோட்டங்களில் காவலுக்கு வைத்தார்கள்.

நம் ஜன்னல் ஓரங்களில் காகிதம் போன்ற கூடு கட்டும் ஒரு வகைக் குளவியை, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் ராகவேந்திர கதக்கர் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார். அதன் ராணி யாரையும் மிரட்டுவதில்லை. கூட்டத்திலேயே சாதுவாக இருப்பது அதுதான். ராணியை அகற்றினால் தொழிலாளிக் குளவிகளில் ஒன்று உடனே தலைமையை ஏற்கிறது. அது எது என்பதை ஆய்வாளர்களால் முன்கூட்டியே சொல்ல முடியவில்லை. குளவிகளுக்கு அது தெரிந்தே இருப்பதாகத் தோன்றுகிறது என்று அவரும் அவருடைய மாணவியும் 2008-இல் எழுதினார்கள். மற்றவை போட்டிக்கு வருவதில்லை. எறும்புகளை மிகக் குறுகிய பாலத்தில் நெருக்கி விட்டாலும், பாலத்தின் எண்பது சதவீத இடம் நிறைந்த நிலையிலும் அவற்றின் போக்குவரத்து தடைப்படுவதில்லை என்று 2019-இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. சில்க் போர்டு சந்திப்பில் நிற்கும்போது இதை எண்ணிப் பார்க்கலாம்!

ஆயினும் அவதூதரின் விவேகத்தை இங்கும் கைக்கொள்ள வேண்டும். இந்த ஒற்றுமைக்கு ஓர் எல்லை உண்டு. தன் கூட்டின் வாசனை உள்ளவரை உறவு. அடுத்த மரத்து முசுறு வந்தால், ஒரே இனமானாலும், சாகும் வரை போர். சிற்றுயிர்களின் தியாகம் கூட்டோடு முடிந்துவிடுகிறது.

மனிதனின் யஜ்ஞம்

மனிதனின் பெருமையும் பொறுப்பும் இங்கேதான் தொடங்குகின்றன. எறும்பால் யஜ்ஞத்தை விட்டு விலக இயலாது. மனிதனால் இயலும், விலகியும் இருக்கிறான். அதே சுதந்திரத்தால், எறும்பு தாண்ட முடியாத எல்லையை அவன் தாண்டவும் முடியும். தன் குடும்பம், தன் மொழி, தன் சாதி என்ற வாசனைகளைக் கடந்து, தனக்கு எந்த உறவும் இல்லாத உயிருக்கும் ஒரு பிடி சோறு வைக்க அவனால் மட்டுமே முடியும். இல்லறத்தாரின் ஐந்து மகாயஜ்ஞங்களுள் பூத யஜ்ஞம் ஒன்றாக வைக்கப்பட்டதன் கருத்து இதுவே. உள்ளதைப் பங்கிட்டு உண்டு எல்லா உயிர்களையும் பேணுவதை அறங்களின் தலையாக வள்ளுவர் 'கொல்லாமை' அதிகாரத்தில் வைக்கிறார். நம் பாட்டிமார் இதை நூலில் படித்து அறியவில்லை. விடியற்காலையில் அரிசி மாவால் கோலமிட்டு, எறும்புக்கு உணவளித்த பிறகே அடுப்பை மூட்டினார்கள்.

இன்று நாம் செய்யக்கூடியது என்ன? அரிசி மாவின் இடத்தைக் கல்மாவு பிடித்துக்கொண்டது. வாரத்தில் ஒரு நாளாவது அரிசி மாவுக் கோலத்துக்குத் திரும்பலாம். மாடித் தோட்டம் வைத்திருப்பவர்கள் செடியில் ஒரு பூச்சியைக் கண்டதும் நஞ்சுப் புட்டியைத் தேடாமல், அது யார், எதற்காக வந்திருக்கிறது என்று இரண்டு நாள் கவனிக்கலாம். அசுவினிப் பூச்சியைத் தின்ன வந்த பொறிவண்டாக அது இருக்கக்கூடும். கிராமத்தில் நிலம் உள்ளவர்கள் வரப்பில் சில பூச்செடிகளுக்கு இடம் விடலாம். நன்மை செய்யும் குளவிகளுக்கு அந்தப் பூக்களின் தேனே உணவு. குழந்தைகளிடம் 'அடி' என்று சொல்வதற்கு முன், 'பார்' என்று சொல்லலாம்.

இவை மிகச் சிறிய செயல்கள். ஒரு மில்லிமீட்டர் அளவுகூட இல்லாத ஓர் உயிர் பல்லாயிரம் குடும்பங்களின் உணவைக் காத்த நாட்டில், சிறிய செயல் என்று எதையும் அலட்சியம் செய்ய நமக்கு உரிமை இல்லை.

அறியாமலே யஜ்ஞம் புரியும் சிற்றுயிர்களின் நடுவே, அறிந்து யஜ்ஞம் புரியும் வாழ்வை இறைவன் நமக்கு அருள்வானாக. நம் உறவின் எல்லை நாளுக்கு நாள் விரியட்டும் என்று அவன் திருவடிகளைப் பிரார்த்திப்போம்.