மீந்த துண்டுகளைச் சேர்ப்போம்

(அருளப்பர் நற்செய்தி 6: 1 – 13)



நத்தார் முடிந்து குடிலைப் பிரிக்கும் நாட்களிலேயே நமது வீடுகளில் ஒரு கவலை பிறந்துவிடுகிறது. பாடசாலை தொடங்கப் போகிறது. கொப்பி வேண்டும், சப்பாத்து வேண்டும், புத்தகப்பை வேண்டும். எல்லயிலிருந்தும் சுற்றுத் தோட்டங்களிலிருந்தும் பண்டாரவளைக்கும் பதுளைக்கும் செல்லும் பஸ்களில், அட்வான்ஸ் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு போகும் தாய்மாரைக் காணலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் தோட்டமொன்றில் வீடு சந்திக்கச் சென்றபோது ஒரு தாய் என்னிடம் சொன்னார்: “சாமி, போன வருசம் தோட்டை அடகு வச்சுப் படம் போட்ட பை வாங்கிக் குடுத்தேன். பெரிய வெள்ளிக்கு முந்தியே வார் அறுந்துபோச்சு. பை போச்சு, தோடு இன்னும் கடையிலதான் இருக்கு.” அறுந்த பை லயத்துக்குப் பின்னால் கானுக்குள் கிடந்தது. “தைத்துக் கொடுத்திருக்கலாமே அம்மா” என்றேன். “தைச்ச பையோட போனா மத்த புள்ளைங்க சிரிக்குதுங்களாம் சாமி” என்றார்.

அந்தத் தாயைக் கடன்காரியாக்கியது வறுமை மட்டுமல்ல, வெட்கமும்தான்.

நற்செய்தியில் வரும் சிறுவனை நினைத்துப் பாருங்கள். அவனிடம் இருந்தவை ஐந்து வாற்கோதுமை அப்பங்களும் இரண்டு மீன்களும். வாற்கோதுமை அப்பம் ஏழைகளின் உணவு. நம் பிள்ளைகள் கட்டிக்கொண்டு போகும் ரொட்டியையும் சம்பலையும் போன்றது. அதை அவன் வெட்கப்பட்டு மறைத்திருந்தால், அன்று ஆண்டவர் திருமுன் கொண்டுவர சீடர்களிடம் என்ன இருந்திருக்கும்?

அடுத்து நடந்ததையும் கவனியுங்கள். ஐயாயிரம் பேர் வயிறார உண்டபின், மீந்த துண்டுகளைச் சேர்க்கும்படி ஆண்டவர் கட்டளையிடுகிறார். எதுவும் வீணாகக் கூடாது என்கிறார். ஒரு சொல்லால் இன்னும் ஆயிரம் அப்பங்களை உண்டாக்க வல்லவருக்கு உடைந்த துண்டுகள் எதற்கு? இல்லாமையால் அவர் சேர்க்கச் சொல்லவில்லை. தந்தையின் கொடை என்பதால் சேர்க்கச் சொன்னார். ஆகவே, பொருளைப் பேணுவது ஏழ்மையின் அடையாளமல்ல, நன்றியின் அடையாளம். பழையதைத் தைத்து அணியும் பிள்ளை தலை குனிய வேண்டியதில்லை.

நமது பிள்ளைகளின் கல்வியும் கொடையே. இந்நாட்டில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. இலவசப் பாடநூல்கள் 1980இலும், இலவசச் சீருடைத் துணி 1993இலும் வந்தன. அவற்றின் செலவில் மலைநாட்டுக் கொழுந்தின் வியர்வையும் கலந்திருக்கிறது. 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டதை மறந்துவிட்டோமா? ஒரு வெற்றுத் தாளின் அருமையை அந்த ஆண்டு நமக்குக் கற்பித்தது.

எனவே கடைக்குப் போகும் முன் ஒரு மாலைப்பொழுது பிள்ளைகளோடு உட்காருங்கள். சென்ற ஆண்டுக் கொப்பிகளில் எழுதாத தாள்களைப் பிரித்தெடுத்துத் தைத்தால், கணக்குப் பழகுவதற்கு ஒரு கொப்பி கிடைக்கும். பழைய கலண்டர் தாள் நல்ல உறையாகும். அண்ணனின் காற்சட்டை தம்பிக்கு ஆகுமா, அக்காவின் சட்டையின் மடிப்பை அவிழ்த்து நீட்டலாமா என்று பாருங்கள். மிஞ்சுவதை மட்டும் பட்டியலிடுங்கள். பட்டியலில் இல்லாததைப் பிள்ளை கேட்டால், விலையை ரூபாவில் சொல்லாதீர்கள். “இது அம்மாவுக்கு எத்தனை பேர்?” என்று கேளுங்கள். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக வேண்டுமென்று ஆண்டுக்கணக்கில் போராடி, 2021இல்தான் அதைக் கண்டோம். ஒரு பேருக்கு எவ்வளவு கொழுந்து பறிக்க வேண்டும் என்பது லயத்துப் பிள்ளைக்கு விளங்கும். வாங்குவதானால் படத்தைப் பார்க்காமல் தையலைப் பார்த்து வாங்குங்கள்.

எறிவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுற்றுலா வருவோர் வீசும் போத்தல்களைக் குறை சொல்லுகிறோம். நம் வீட்டு லஞ்ச் சீட் எங்கே போகிறது? அதை 2017இலேயே அரசு தடை செய்தது. வாழையிலையும் கழுவி வைக்கும் சாப்பாட்டுப் பெட்டியும் நமக்குப் புதியவை அல்லவே! எல்லயில் ஓடையில் எறிந்தது இராவணன் அருவி வழியே கிரிந்தி ஓயாவில் சேர்ந்து, வெல்லவாயவைக் கடந்து தென்கடல் வரை போகும். போகாதது கானை அடைக்கும். கான் அடைபட்டால் மழைநீர் சரிவுக்குள் இறங்கும். 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் மண்சரிவைக் கண்ட நமக்கு, மலைச்சரிவில் நீர் வழியைக் காப்பது எத்துணை அவசியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘லௌதாத்தோ சீ’ என்னும் சுற்றுமடலில், ஒரு பொருளை உடனே எறிந்துவிடாமல் நன்னோக்கத்தோடு மீண்டும் பயன்படுத்துவது அன்பின் செயலாகும், அது நமது மாண்பைக் காட்டும் என்று கற்பித்தார். வெட்கம் என்று நாம் நினைத்ததை அவர் மாண்பு என்கிறார்.

வசதி உள்ள குடும்பங்களுக்கும் ஒன்று சொல்வேன். தைத்த பையைப் பார்த்துச் சிரித்த பிள்ளை நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். அப்படியானால் திருந்த வேண்டியவர்கள் நாம். உங்கள் வீட்டில் சும்மா கிடக்கும் சீருடை, பை, கொம்பஸ் பெட்டி ஆகியவற்றைத் துவைத்து, தைத்து, துடைத்துக் கோவிலுக்குக் கொண்டுவாருங்கள். கிழிந்ததைத் தள்ளிவிடுவது தருமமாகாது. கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்று எவரும் அறிய வேண்டாம். படம் பிடிக்கவும் வேண்டாம். அன்று பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. நம் பங்கில் ஒரு கூடை நிறைந்தாலும், ஒரு தாயின் தோடு அவள் காதிலேயே இருக்கும்.

அந்தச் சிறுவனின் பொதியை ஆசீர்வதித்த ஆண்டவர், புதிய வகுப்புக்குப் போகும் உங்கள் பிள்ளைகளையும், அவர்களுடைய தைத்த பைகளையும் ஆசீர்வதிப்பாராக.